நன்கொடைக்காக முதல் முழு மாரத்தான்: கால்களையும் கணக்கையும் தனித்தனியாகத் தயார் செய்யுங்கள்

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 41, சென்னையில் வேலை, இதுவரை ஓடியதில் அதிகபட்சம் 10 கிலோமீட்டர். வரும் ஜனவரியில் மும்பையில் முழு மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர், ஓட வேண்டும். அதை வைத்து, பிள்ளையின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் குடும்பங்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிற ஒரு சின்ன அறக்கட்டளைக்கு 3 லட்சம் ரூபாய் திரட்ட வேண்டும். இந்த ஜூனில் ஆரம்பித்தால் முடியுமா?

முடியும். ஏழு மாதம் தாராளமான காலம். நான் ஆறு முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன், அதில் நான்கு நன்கொடைக்காக. அந்த நான்கிலும் ஓட்டத்தைவிடப் பணம் கேட்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் இரண்டையும் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம்: பணத்தை அந்தப் பிள்ளைகளுக்காகக் கேளுங்கள், உங்கள் ஓட்டத்துக்காகக் கேட்காதீர்கள். இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி பார்த்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்பதால் டிரெட்மில் பரிசோதனையும் தேவையா என்று அவரிடமே கேளுங்கள், குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்தது பதிவு விதி. மும்பையில் முழு மாரத்தானுக்குப் பதிவு செய்ய, முன்பு ஓடிய ஓட்டம் ஒன்றின் நேரச் சான்று கேட்பது வழக்கம். அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்) ஒன்றை முதலில் முடிக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு விதியை முழுதாகப் படித்துவிடுங்கள். மூன்றாவது, உங்கள் அறக்கட்டளை அங்கே பட்டியலில் இருக்கிறதா என்பது. மும்பை மாரத்தானின் நிதி திரட்டும் பகுதியை யுனைடெட் வே மும்பை என்கிற அமைப்பு நடத்துகிறது, அவர்களிடம் பதிந்திருக்கும் தொண்டு நிறுவனங்களுக்குத்தான் அந்த வழியில் பணம் போகும். உங்களுடையது இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். சாதாரணப் பதிவில் ஓடிவிட்டு, நன்கொடையை நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நன்கொடை வழியாக பிப் (மார்பில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்) வாங்குவதென்றால் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, அது சேராவிட்டால் மீதியை யார் கட்டுவது என்பதைக் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

இப்போது கால். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை வேகத்தை மறந்துவிடுங்கள். வாரம் நான்கு நாள் ஓட்டம், ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். அந்த வேகம் உங்களுக்கு நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்று தோன்றும், முதல் மாதம் அவமானமாகக்கூட இருக்கும், ஏனென்றால் பெசன்ட் நகர் கடற்கரையில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். இதயமும் நுரையீரலும் ஆறு வாரத்தில் தேறிவிடும், ஆனால் எலும்பும் தசைநாரும் தேற மாதக்கணக்காகும், புதிதாக ஓடுகிறவர்களுக்கு அடிபடுவதே இந்த இடைவெளியில்தான். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், முழங்காலோ குதிகாலோ ஒரு நாள் நின்றுவிடும். வாரத்துக்கு 20 கிலோமீட்டரில் ஆரம்பித்து, மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, செப்டம்பரில் 35 வரை வந்தால் போதும். அதற்குள் ஒரு அரை மாரத்தான் ஓடிச் சான்றையும் வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை பதினெட்டு வாரம், அதுதான் உண்மையான மாரத்தான் பயிற்சி. வார நாட்களில் மூன்று சின்ன ஓட்டம், அதில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் வேகம், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன், அதாவது வாரத்தின் நீளமான ஓட்டம். 18, 20, 16, 22, 24, 18 கிலோமீட்டர் என்று ஏறி இறங்கிப் போய், டிசம்பர் தொடக்கத்தில் 28, பிறகு 30, அந்த மாதக் கடைசி ஞாயிறு 32. அதற்குமேல் பயிற்சியில் ஓட வேண்டாம். 42-ஐ ஒருமுறை ஓடிப் பார்த்துவிடலாம் என்று ஆசை வரும், பார்த்தால் அதிலிருந்து மீளவே மூன்று வாரம் போய்விடும். கடைசி மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த நாட்களில் கால் பரபரக்கும், எங்கெங்கோ புதிதாக வலிக்கிற மாதிரி இருக்கும். அது எல்லோருக்கும் வருவது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, பிற ஊர்ப் பயிற்சி அட்டவணைகளில் அது இருக்காது. நீளமான ஓட்டங்கள் வருகிற அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் வடகிழக்குப் பருவமழைக் காலம். தண்ணீர் தேங்கிய தெருவில் இருட்டில் ஓடவே ஓடாதீர்கள், உள்ளே திறந்த சாக்கடைக் குழி இருந்தால் தெரியாது. நான் மழை நாட்களுக்கென்று ஒரு மேம்பாலம் வைத்திருந்தேன். விடியற்காலை நான்கரைக்கு அதன் சர்வீஸ் ரோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டரை முன்னும் பின்னுமாகப் பதினாறு தடவை ஓடியிருக்கிறேன், டீக்கடைக்காரர் கடை திறந்து பால் காய்ச்சி முதல் டீ போடுவதிலிருந்து காலை டிபன் கூட்டம் வரும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மாரத்தானின் 35-வது கிலோமீட்டரில் வருகிற சலிப்பும் அதே ஜாதிதான், பழகியிருப்பது நல்லது. நனைந்த காலுறையோடு 25 கிலோமீட்டர் ஓடினால் கொப்புளம் வரும், அதனால் பருத்திக் காலுறை வேண்டாம், விரலிடுக்கில் வாஸ்லின் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். தொடை, அக்குள், மார்பு எல்லாவற்றுக்கும் அதுவே.

வாரம் இரண்டு நாள், இருபது நிமிஷம் வலுப் பயிற்சி கட்டாயம். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, ஒற்றைக்காலில் பாதி உட்கார்ந்து எழுவது, இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது. கருவி எதுவும் வேண்டாம். நேரமில்லாத வாரத்தில் ஒரு ஓட்டத்தை விட்டுவிட்டாவது இதைச் செய்யுங்கள் என்பேன்.

சாப்பாட்டில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். நீங்கள் 70 கிலோ என்றால் 42 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 2,950 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்தோ ஏறத்தாழ 2,000 கலோரிக்குத்தான் வரும். கொழுப்பும் கூடவே எரிகிறது என்றாலும் மாவுச்சத்து தீர்ந்ததும் கால் ஈயமாகிவிடும். பலருக்கும் 30, 32-வது கிலோமீட்டரில் திடீரென்று எல்லாம் நின்றுபோவது இதனால்தான். மனவலிமை போதவில்லை என்று அப்போது உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், வயிற்றுக்குப் போட வேண்டியதை முன்பே போடவில்லை, அவ்வளவுதான். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும், பசிக்கும் முன்பே. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும், ஓட்டக்காரர்கள் பிழிந்து சாப்பிடும் ஒரு சர்க்கரை ஜெல் பாக்கெட்டிலும் அவ்வளவுதான். பேரீச்சம்பழம், நாட்டுச் சர்க்கரையும் உப்பும் எலுமிச்சையும் கலந்த பானகம் எல்லாமே வேலை செய்யும். கடலை மிட்டாய் எனக்கு ஓடும்போது தொண்டையில் நின்றது, நண்பர் ஒருவருக்கு அதுதான் உயிர். எதுவானாலும் லாங் ரன்னில் ஐந்தாறு தடவை சாப்பிட்டுப் பார்த்ததை மட்டும் மும்பைக்கு எடுத்துப்போங்கள். ஓடும் முன் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் மூன்று இட்லி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சர்க்கரை; சட்னி வேண்டாம்.

தண்ணீரில் எல்லோரும் பயப்படுவது குறைவாகக் குடித்துவிடுவோமோ என்றுதான். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் (உப்புச் சத்து) குறைந்திருந்தது, ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். மெதுவாக ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு வழியில் உள்ள ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது, அதனால் ஆபத்தும் கூடுதல். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. அந்தக் கணக்கை வைத்து உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள், வெறும் தண்ணீரோடு உப்பும் சேரட்டும். முடித்து வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு, அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஓட்டத்தன்று வலி மாத்திரை மட்டும் போடாதீர்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சரி, பணம். 3 லட்சம் என்று ஒரே தொகையாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், பிரித்துப் பாருங்கள். 5,000 தருகிற 20 பேர், 1,000 தருகிற 100 பேர், 500 தருகிற 200 பேர். மொத்தம் 320 பேர். உங்கள் செல்போனில் எத்தனை எண் இருக்கிறது? ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்து எழுதுங்கள்: உறவு, பள்ளி, கல்லூரி, பழைய அலுவலகம், இப்போதைய அலுவலகம், குடியிருப்பு, மனைவி பக்கத்து உறவு, பிள்ளையின் பள்ளிப் பெற்றோர். கேட்பவர்களில் பாதிப் பேர் தர மாட்டார்கள், எனவே 640 பெயர் வேண்டும். எழுதினால் வந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். முதல் வருடம் நான் பதினோரு குழுக்களில் போட்டேன், கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன, பணம் அனுப்பியவர்கள் நான்கே பேர். அதே ஆட்களுக்குத் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதியபோது, "ஆமாம், பார்த்தேன், மறந்துவிட்டேன்" என்று உடனே அனுப்பினார்கள். குழுவில் கேட்டால் யாரோ தருவார்கள் என்று எல்லோருக்கும் தோன்றும். ஒரு நாளைக்கு ஐந்து பேர், தனித்தனியாக, அவர்களோடு உங்களுக்கு உள்ள பழக்கத்தை ஒட்டி இரண்டு வரி. வயதானவர்களுக்கு எழுத வேண்டாம், கூப்பிட்டுப் பேசுங்கள்.

முதல் நன்கொடை உங்களுடையதாக இருக்கட்டும். நீங்களே 10,000 போட்டுவிட்டுக் கேட்டால் குரல் வேறு மாதிரி வரும். அடுத்த வாரம் மிக நெருங்கிய பத்துப் பேர். ஏற்கெனவே கொஞ்சம் சேர்ந்திருப்பதைப் பார்த்தால்தான் மற்றவர்களுக்குக் கை வரும். சம்பளம் வந்த முதல் ஐந்து நாள் நல்ல நேரம், தீபாவளி போனஸ் வந்த வாரம் அதைவிட நல்ல நேரம். உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறையிடமும் கேளுங்கள், ஊழியர் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தாங்களும் தரும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு, கேட்காமல் கிடைக்காது.

என்ன சொல்லிக் கேட்பது? அறக்கட்டளைக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். ஒரு குடும்பம் ஓர் இரவு தங்க எவ்வளவு ஆகிறது, மாதத்துக்கு அரிசி எவ்வளவு, எது எப்போதும் தட்டுப்படுகிறது என்று கேளுங்கள். நான் போன இடத்தில், கீமோ கொடுத்து அழைத்து வந்த ஒரு ஏழு வயதுப் பையனுக்கு அவன் அம்மா பொது அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அந்த அறையில்தான் இருந்தார்கள். பொது அடுப்பு வருவதற்கு முன் இங்கே தங்கியவர்கள் சாப்பாட்டை வெளியில் வாங்க வேண்டியிருந்தது, எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று பராமரிப்பாளர் சொன்னார். நான் அந்த அடுப்பைப் பற்றித்தான் எல்லோரிடமும் சொன்னேன். 42 கிலோமீட்டரைப் பற்றிக் கடைசி வரியில் எழுதினேன். அந்த வருடம்தான் எனக்கு அதிகமாகச் சேர்ந்தது. ஒன்று கவனம், பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள், பெற்றோர் சரி என்றாலும் வேண்டாம்.

பணம் ஒரு ரூபாய்கூட உங்கள் ஜிபே எண்ணுக்கு வரக் கூடாது. நல்ல மனதோடுதான் சிலர் "உனக்கே அனுப்பிவிடுகிறேன், நீ சேர்த்துக் கட்டிவிடு" என்பார்கள். மறுத்துவிடுங்கள். பின்னால் கணக்குக் கேட்கும் ஒருவர் போதும், உறவு கசந்துவிடும். அறக்கட்டளைக் கணக்குக்கே போகட்டும், ரசீது அங்கிருந்தே வரட்டும். வரிவிலக்கு பற்றிக் கேட்பார்கள், சரியாகச் சொல்லுங்கள்: 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய விலக்கு பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான், புதிய முறையில் இல்லை. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தந்ததில் பாதிதான் கழியும், அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் விலக்குக் கிடையாது. பான் எண்ணைக் கொடுத்து, அறக்கட்டளை அதை வருமான வரித் தளத்தில் ஏற்றிச் சான்றிதழ் தந்தால்தான் செல்லும். ஒரு வருடம் ஓர் அறக்கட்டளை இதை ஏற்ற மறந்துவிட்டது, நாற்பது பேருக்கு நான்தான் போன் போட்டு வருத்தம் தெரிவித்தேன். எனவே யார் இதைச் செய்வார் என்று தொடக்கத்திலேயே பேசி வையுங்கள்.

வெளிநாட்டு உறவினர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் டொரன்டோவில் கனடியக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் சித்தப்பா மகன், கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர். அவர் பணத்தை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும், அந்தப் பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் உள்ள அதற்கான கணக்குக்குத்தான் வர வேண்டும். சின்ன அறக்கட்டளைகள் பலவற்றுக்கு இந்தப் பதிவு இருக்காது. இது தெரியாமல் வாங்கிவிட்டால் மாட்டிக்கொள்வது அவர்கள்.

முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது தடவை ஓடியபோது, மும்பைக்கு மூன்று வாரம் முன்பு இடது கால் முன்னெலும்பில் ஒரு இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலித்தது. மருத்துவரிடம் போகவில்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்ந்திருந்தது, 'எல்லோரும் பணம் கொடுத்துவிட்டார்கள், இப்போது எப்படி ஓடாமல் இருப்பது' என்கிற ஒரே எண்ணம்தான். ஓடினேன். 27-வது கிலோமீட்டரில் காலை ஊன்ற முடியாமல் சாலை ஓரத்தில் உட்கார்ந்தேன். எலும்பில் விரிசல், நான்கு மாதம் ஓட்டமில்லை. ஊருக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், என் அம்மாவின் தோழி, பாதியிலேயே நிறுத்தினார்: "நான் அந்தப் பிள்ளைகளுக்குத்தானே தம்பி கொடுத்தேன்? உன் காலுக்கா கொடுத்தேன்?"

டெர்ரி ஃபாக்ஸை நினைத்துப் பாருங்கள். புற்றுநோயால் வலது காலை இழந்த அந்த 21 வயதுக் கனடிய இளைஞர், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பினார், ஆளுக்கு ஒரு டாலர் என்று கேட்டுக்கொண்டு. 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவி, தண்டர் பே அருகே நின்றுவிட்டார். ஓட்டம் பாதியில் நின்றது, பணம் நிற்கவில்லை. மறு வருடம் பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலரைத் தாண்டியது, அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்: நான் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் இந்தப் பணம் அந்தக் குடும்பங்களுக்குப் போகும். இதைச் சொல்லிவிட்டால், ஜனவரியில் வலி வந்தால் நிற்க உங்களால் முடியும்.

மும்பை நாளைப் பற்றிக் கொஞ்சம். முழு மாரத்தான் விடியற்காலை இருட்டிலேயே, சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்துக்கு எதிரில் தொடங்கும். பாதை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். நான் ஓடியபோதெல்லாம் மரைன் டிரைவ், ஹாஜி அலி, வொர்லி வழியாகப் போய், சாதாரண நாளில் யாரையும் நடக்கவிடாத கடல் பாலத்தில் ஏறியது. பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும், இன்னும் வெயில் இல்லை, கால் துள்ளும், வேகம் கூடிவிடும். அங்கே கூட்டிய ஒவ்வொரு நிமிஷத்துக்கும் திரும்பி வரும்போது பெடார் ரோடு ஏற்றத்தில் வட்டியோடு கட்ட வேண்டும். அந்த ஏற்றம் 36-வது கிலோமீட்டர் வாக்கில், வெயில் ஏறிய பிறகு வருகிறது. அங்கே நடங்கள், வெட்கமே வேண்டாம். இருபுறமும் குடும்பம் குடும்பமாக நின்று உரித்த ஆரஞ்சுச் சுளையும் சிக்கியும் (அந்த ஊர்க் கடலை மிட்டாய்) உப்பும் நீட்டுவார்கள், எட்டு வயதுக் குழந்தை தட்டை ஏந்திக்கொண்டு "அங்கிள், அங்கிள்" என்று கூடவே ஓடிவரும். ஒரு சுளை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

முடித்த அன்று மாலையே எல்லோருக்கும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள், மறுநாள் படியிறங்கவே கைப்பிடி தேவைப்படும். இரண்டு வாரம் கழித்து அறக்கட்டளையிடம் கேட்டு, மொத்தம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாகப் போகிறது என்று தொகையோடு இன்னொரு செய்தி. மே மாதம் சான்றிதழ் வந்ததா என்று விசாரித்து மூன்றாவது. ஆறு மாதம் கழித்து அந்த அறையோ அடுப்போ எப்படி இருக்கிறது என்று ஒரு படம். என்னிடம் நான்காவது தடவை பணம் தந்தவர்களில் பாதிக்கு மேல் முதல் தடவையும் தந்தவர்கள். அந்த ஆசிரியை இப்போதெல்லாம் டிசம்பர் பிறந்ததும் அவரே கூப்பிட்டு, "இந்த வருஷம் யாருக்குத் தம்பி?" என்று கேட்கிறார்.